இடித்த வீட்டின் வரைபடம்

நான் பிறந்து பதினான்கு வயதுவரை வளர்ந்த வீடு இப்போது இல்லை. நீலகிரியில் ஒரு படைத்தள வளாகத்துக்குள் இருந்த பழைய பங்களா ஒன்றின் பின்பக்கம், சரிவில், நான்கு அறைகள் வரிசையாக இருந்தன. அதில் இரண்டாவது அறை எங்களுடையது. எந்த வளாகம், எந்த பங்களா என்று சொல்லப் போவதில்லை. யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக இதை எழுதவில்லை.

குன்னூர்ப் பக்கத்து ஆட்களுக்கு அவுட்ஹவுஸ் என்றால் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆபீசர் பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் அறைகள் அவை. ஓர் அறைக்கு ஒரு குடும்பம், நான்கு குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு குழாய். வாடகை கிடையாது. வீட்டுக்கு ஒருவர் பங்களாவில் வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். என் அம்மா அங்கே சமையலறையிலும் குழந்தைகளிடமும் இருந்தார். அப்பா வெளியே ஒப்பந்தக்காரர்களிடம் கொத்தனாராக வேலை பார்த்து, பிறகு மேஸ்திரி ஆனார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை முன்பக்கத்தில் ஆபீசர் மாறுவார். பின்பக்கத்தில் நாங்கள் மாறுவதில்லை. அந்த வீட்டின் எந்தக் கதவு மழைக்காலத்தில் இறுகும், எந்தக் கணப்பு புகையை அறைக்குள்ளேயே தள்ளும் என்று வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லிக் கொடுத்தது அம்மாதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் சித்தி மகன் போன் செய்தான். "அக்கா, உங்க பங்களாவ எடுத்துட்டாங்க. பொக்லைன் வச்சு ஒரே நாள்ல முடிச்சுட்டாங்க. லைன் வீடும் போயிருச்சு." நான் கோவையில், கட்டட வரைபடங்கள் போடும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அன்று திரையில் யாரோ ஒருவருடைய புது வீட்டின் மாடிப்படி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நாள் முழுக்க மற்றவர்கள் வீட்டை வரைகிறேன். எங்கள் வீட்டுக்கு ஒரு கோடுகூட யாரிடமும் இல்லை. என்னிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. வளாகத்துக்குள் படமெடுக்கக் கூடாது என்பது எங்களுக்கு அ, ஆ-வோடு சேர்த்துச் சொல்லித்தந்த பாடம்.

இந்த மலையில் படைத்தளம் ஏன் வந்தது என்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் கட்டடங்களின் உருவத்துக்கே காரணம் அதில்தான் இருக்கிறது. குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன் என்று இன்று சொல்கிற இடத்துக்கு வெள்ளைக்காரர்கள் முதலில் வைத்திருந்த பெயர் ஜக்கடல்லா. பக்கத்தில் இருக்கும் படகர் ஊரான ஜெகதளாவின் பெயர்தான் அவர்கள் வாயில் அப்படி ஆனது. 1850-களில் அங்கே சிப்பாய்கள் தங்குவதற்கு பாரக்ஸ் கட்டினார்கள். பிறகு ஆர்தர் வெல்லஸ்லி என்கிற வெலிங்டன் பிரபுவின் பெயரை வைத்தார்கள். சமவெளியில் இருந்த ஐரோப்பியச் சிப்பாய்கள் சண்டையில் செத்ததைவிடக் காய்ச்சலிலும் பேதியிலும் செத்தது அதிகம். அதை விசாரித்த அரச ஆணையம் 1863-ல் அறிக்கை தந்தது. ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 69 பேர் இறக்கிறார்கள் என்று அதில் கணக்கு வந்தது. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அந்த வேலையில் ஆழமாக ஈடுபட்டிருந்தார். காற்று, வெளிச்சம், வடிகால் என்று அவர் வலியுறுத்தியதெல்லாம் அந்தக் காலத்துப் படைக் கட்டடங்களின் கவலையும்தான். உயரமான கூரை, நீள வராந்தா, தரைக்கடியில் காற்று போக விட்ட ஓட்டைகள். சின்ன வயதில் அந்த ஓட்டைகளுக்குள் கோலிக்குண்டு உருட்டி விடுவோம். எதற்காக வைத்தார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது.

1947-ல் வெள்ளைக்காரர்கள் போனார்கள். கட்டடங்கள் கைமாறின. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் வெலிங்டனுக்கு வந்தது அந்த ஆண்டுதான். இப்போது பாகிஸ்தானில் இருக்கும் குவெட்டாவில், படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தந்த ஸ்டாஃப் காலேஜின் இந்தியப் பங்கும் பிரிவினையோடு இங்கே வந்து சேர்ந்தது. பழைய பாரக்ஸுக்கு ஜெனரல் ஸ்ரீநாகேஷின் பெயர் வந்தது. 1955 முதல் 1957 வரை இந்தியத் தரைப்படைத் தளபதியாக இருந்தவர் அவர். யாரையோ அடக்கி ஆளக் கட்டிய கட்டடத்தில் நம் பையன்கள் பயிற்சி எடுக்கிறார்கள், பெயரும் நம் ஆளுடையது. கட்டடத்தைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அதில் ஆள் இருந்தார்கள், விளக்கு எரிந்தது, கூரை ஒழுகினால் யாரோ ஏறிப் பார்த்தார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீலகிரியில் பழைய கட்டடம் கூட்டமாக மிச்சமிருக்கிறது என்றால், அது பெரும்பாலும் வேலிக்கு உள்ளே இருப்பதுதான். ஊட்டியிலும் குன்னூரிலும் சாலையோர பங்களாக்கள் லாட்ஜ் ஆகின, லாட்ஜ் இன்னும் இரண்டு மாடி ஏறியது. படைத்தளத்துக்குள் நிலத்துக்கு விலை இல்லை, விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. அதனால் ஓடு வேய்ந்த கூரையும் கல் சுவரும் நூறு வருஷம் அப்படியே நின்றன. மலை ரயிலில் வெலிங்டன் ஸ்டேஷனைத் தாண்டி அரவங்காட்டுக்குப் போகும்போது ஜன்னலில் தெரிகிற காட்சி, என் தாத்தா பார்த்ததிலிருந்து அதிகம் மாறவில்லை.

ஆனால் அதே வேலிதான் இடிப்பதையும் மறைக்கிறது. ஊருக்குள் ஒரு பழைய கட்டடத்தில் கை வைத்தால் நாலு பேர் கேட்பார்கள், பேப்பர்காரர் வருவார், யாராவது மனுக் கொடுப்பார்கள். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில், அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் கட்டிய பங்களா இடிந்து விழுகிற நிலையில்தான் இருந்தது. ஊர் பேசியது, மாவட்ட நிர்வாகம் கை கொடுத்தது, இன்று அது நினைவகம். ஊட்டியில் அவர் கட்டிய கல் பங்களா அரசுக் கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. வேலிக்குள் இருக்கிற வீட்டுக்கு இப்படிக் கேட்பதற்கு ஆள் இல்லை. கேட்க வேண்டும் என்று தெரிவதற்குள் லாரி மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும்.

அங்கே இடிப்பது எப்படி முடிவாகிறது? பல வருஷம் வளாகங்களில் வேலை செய்த அப்பாவுக்கு அந்த மூன்று எழுத்துகள் நன்றாகத் தெரியும். பி.இ.ஆர். பியாண்ட் எகனாமிக்கல் ரிப்பேர். பழுது பார்க்கிற செலவு கட்டுபடியாகாது என்று பொருள். அதிகாரிகள் குழு ஒன்று வந்து பார்த்து அப்படி எழுதிவிட்டால், கட்டடம் கணக்கிலிருந்து இறங்கிவிடும். அது எழுதப்பட்டபின் அந்த வீட்டுக்கு ஒரு ஓடு மாற்றவும் பணம் கேட்க முடியாது. ஆளைக் காலி செய்வார்கள். ஆள் இல்லாத வீடு இந்த மலையில் மூன்று மழைக்காலம் தாங்குவது கஷ்டம்.

அப்பாவிடம் இதைப் பேசினால் அவர் முகம் இறுகிவிடும். "கட்டுபடியாகாதுன்னு எழுதினவர் மேல தப்பு இல்ல கண்ணு. அவர் பாத்தப்ப அது அப்படித்தான் இருந்துச்சு. அத அப்படி ஆக்கினது அதுக்கு இருபது வருஷம் முந்தி" என்பார்.

அவர் சொல்வது தண்ணீரைப் பற்றி. குன்னூர்ச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரியது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுகிறது என்பதைவிடச் சுவரின் மேல் வந்து மோதுகிறது என்பதே சரி. பழைய வீடுகளில் கூரை விளிம்பில் தகரக் கால்வாய் ஓடும். கற்பூர மரத்து இலை, அதாவது யூகலிப்டஸ் இலை, அதில் விழுந்து அடைக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை ஒருவர் ஏணி வைத்து ஏறி அள்ளிப் போட்டால் போதும். அதற்கென்று இருந்த ஆள் ஓய்வு பெற்றார், புதிதாக ஆள் வரவில்லை. இலை அடைத்தது, தண்ணீர் கால்வாயைத் தாண்டிச் சுவர் உச்சியில் இறங்கியது. சுவரில் கறை வந்தது. கறையைப் பார்த்தவர்கள் கூரையைப் பார்க்கவில்லை. சுவர் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமென்ட் பூசச் சொன்னார்கள்.

பூசியதில் அப்பாவும் ஒருவர். கூலிக்குப் போன இடத்தில் மேலே இருப்பவர் சொன்னதைச் செய்தார். பழைய சுவர் சுண்ணாம்புக் காரையில் எழுந்தது. சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, மணலோடு சேர்த்து, மாடு கட்டிய கல் சக்கரத்தில் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பூசிய காலம் ஒன்று இருந்தது. அப்பா அதைத் தன் அப்பாவிடம் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தால் வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் வெளியே விடும் வழி அடைபடுகிறது. உள்ளே போன ஈரம் அங்கேயே நிற்கும், உப்பு பூக்கும், செங்கல் பொடியும். வெளியே பூச்சு கெட்டியாக, வழவழவென்று நன்றாகவே இருக்கும். தட்டிப் பார்த்தால் மட்டும் பானை மாதிரிச் சத்தம் வரும். ஒருநாள் பாளம் பாளமாகக் கழன்று விழும்போது, பின்னால் செங்கல் இருக்காது, செம்மண் இருக்கும்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்று அப்பா இன்றும் சொல்கிறார். சொன்னால் யார் கேட்டிருப்பார்கள் என்று அம்மா கேட்கிறார். இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஐப்பசிக்கும் நடக்கிறது.

அம்மாவைப் பற்றி இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். வீடு போன செய்தியைச் சொன்னபோது அவர் அழவில்லை. "போகட்டும். குளிருலயும் ஈரத்துலயும் உன்ன வச்சுக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றார். எனக்கு ஆறு வயதுவரை இளைப்பு இருந்தது. ஒரே அறையில் அடுப்பும் படுக்கையும். பொதுக் குழாயில் பனிக்காலத்துக் காலையில் தண்ணீர் வராது. கழிப்பறைக்கு இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு போக வேண்டும், சில நாள் காட்டெருமை நிற்கும். சிப்பாய்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் உலர்ந்த வீடும் உள்ளேயே குளியலறையும் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பழைய கட்டடம் அழகு என்று சொல்கிறவர்களில் பலர் அதில் ஒரு டிசம்பர் மாதம்கூடத் தூங்கியிருக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் அப்படியே வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

எதை வைப்பது, எதை விடுவது என்பதில் நாம் நினைப்பது அடிக்கடி தப்பாகப் போகும் என்பதற்கு டெல்லி செங்கோட்டை இருக்கிறது. 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர்கள் கோட்டைக்குள் இருந்த அரண்மனைப் பகுதிகளில் பெரும்பகுதியை இடித்துத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் படை பாரக்ஸ் கட்டினார்கள். நினைத்தாலே வயிறு எரிகிற காரியம். சுதந்திரத்துக்குப் பின் நம் படை அங்கே இருந்தது, 2003-ல்தான் தொல்லியல் துறையிடம் ஒப்படைத்தது. முகலாயர் இடத்தில் நிற்கும் அசிங்கம் என்று அந்த பாரக்ஸை இடிக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் 1945-ல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ. வீரர்கள்மீது வழக்கு நடந்தது செங்கோட்டையில்தான், அப்படி ஒரு படைக் கட்டடத்தில்தான். இன்று அந்த பாரக்ஸில் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன, நேதாஜிக்கு ஒன்று உட்பட. ஒரு இடிப்பின்மேல் எழுந்த கட்டடமே இன்னொரு வரலாற்றுக்கு வீடாகிவிட்டது. அதனால் 'இது வெள்ளைக்காரன் கட்டியது, போனால் போகட்டும்' என்கிற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்கள் கட்டவும் இல்லை. கட்டியவர்களுக்கு நான் அப்புறம் வருகிறேன்.

அமெரிக்காவில் வேறு மாதிரி ஒரு சிக்கல் வந்தது. இரண்டாம் உலகப் போருக்காக அவசரமாக எழுப்பிய மரக் கட்டடங்கள் அவர்களுடைய படைத்தளங்களில் ஆயிரக்கணக்கில் இருந்தன. சில வருஷம் நின்றால் போதும் என்று கட்டியவை, நாற்பது வருஷம் கழித்தும் நின்றுகொண்டிருந்தன. அதற்குள் அவையும் பழங்கட்டடம் ஆகிவிட்டன. 1966-ல் வந்த வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டப்படி, அரசுத் துறை எதுவாக இருந்தாலும் இப்படிப்பட்ட கட்டடத்தில் கை வைக்குமுன் அதன் விளைவை ஆராய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆராய்ந்தால் முடியாது என்பதால் 1986-ல் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். வகைக்கு ஒன்றாக எடுத்து அளந்து வரைவது, படமெடுப்பது, அவை கட்டப்பட்ட கதையை எழுதி வைப்பது, அதன்பின் இடிப்பது. போர் நடந்தபோது அந்தப் பையன்கள் எப்படித் தூங்கினார்கள், எத்தனை அடிக்கு ஒரு கட்டில் இருந்தது என்பது கட்டடம் போனபின்னும் தெரியும்.

எனக்கு இதில் பிடித்தது, அவர்கள் இடித்தார்கள் என்பதை மறைக்காமல் இதைச் செய்தார்கள் என்பது. வைக்க முடியாததை வைக்க முடியாது. ஆனால் அளவெடுக்க முடியும். ஒரு வீட்டை முழுமையாக அளந்து வரைய இரண்டு பேருக்கு நான்கைந்து நாள் ஆகும், இது என் தொழில், அதனால் சொல்கிறேன். பாதுகாப்பு ரகசியம் என்றால் வெளியாள் வேண்டாம். அளவெடுக்கவும் வரையவும் தெரிந்த பொறியாளர்கள் படையிலேயே இருக்கிறார்கள். வரைந்ததை இருபது வருஷம் பூட்டி வைக்கட்டும், பிறகு கொடுக்கட்டும். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய சமையலறையில் என்ன ராணுவ ரகசியம் இருக்கப் போகிறது?

அப்படி அளக்கும்போது பின்பக்கத்தையும் அளக்க வேண்டும். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். பங்களாவைப் பற்றி எழுதுகிறவர்கள் வாசலில் தொடங்கி, ஹாலுக்குப் போய், கணப்பின் மேல் இருந்த மரவேலையை வர்ணித்து, பின்கதவோடு நின்றுவிடுகிறார்கள். எந்தத் தளபதி தங்கினார் என்று கல்லில் எழுதுகிறார்கள். பின்கதவைத் தாண்டி இருந்த வரிசை வீட்டில் எத்தனை தலைமுறை சமையல்காரர், தோட்டக்காரர், ஆயா, டோபி பிறந்து செத்தார்கள் என்பதற்கு எங்கேயும் ஏடு கிடையாது. பங்களாவுக்கு ஒரு பட்டியல் எண்ணாவது இருந்திருக்கும். இடிக்கும்போது முதலில் போவதும் அவுட்ஹவுஸ்தான், ஏனென்றால் பொக்லைன் உள்ளே வருவதற்கு அந்தப் பக்கம்தான் வழி.

சரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழையவர்கள் மலையின் வளைவுக்கு ஏற்ப, நீளவாக்கில், ஒற்றை மாடியாகக் கட்டினார்கள். புதிதாக வரும் அடுக்குமாடிக்குச் சரிவை ஆழமாக வெட்ட வேண்டும். 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாங்கள் மறக்கவில்லை. பழைய வீட்டின் அடித்தளமும் தடுப்புச் சுவரும் எந்தச் சரிவை எப்படிப் பிடித்து வைத்திருந்தன என்று பார்க்காமல் தோண்டி எடுப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

வீடு போன மூன்றாவது மாதம், அப்பா ஓரிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மலைக்குக் கீழே ஒரு பழைய மரச்சாமான் கடை. கதவு, ஜன்னல், உத்தரம் எல்லாம் அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் வளாகத்து மரமும் அங்கேதான் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். பர்மாத் தேக்குச் சட்டங்கள் ஒரு மூலையில் கிடந்தன. அப்பா ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒன்றின் முனையைக் கைத்துண்டால் துடைத்து என்னைக் கூப்பிட்டார். உளியால் கீறிய ஓர் எழுத்து. ௭. அடுத்ததில் ௮. இன்னொன்றில் ௧௨. கூரைச் சட்டங்களைத் தரையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, வரிசை மாறாமல் மேலே ஏற்றுவதற்காகத் தச்சர் போட்ட எண்கள் அவை, தமிழ் எண்கள்: ஏழு, எட்டு, பன்னிரண்டு. யாரோ ஓர் ஆசாரி, சமவெளியிலிருந்து மாட்டுவண்டிப் பாதையில் ஏறி வந்தவராக இருக்கலாம், குளிரில் உட்கார்ந்து கீறியிருக்கிறார். பதினான்கு வருஷம் அந்தக் கூரைக்குப் பக்கத்திலேயே தூங்கியிருக்கிறேன், எனக்குத் தெரியாது. தலைக்கு மேல் இருந்தவரை யாரும் பார்க்கவில்லை. கட்டியவர்கள் யார் என்பதற்கு இருந்த ஒரே கையெழுத்து, கன அடிக் கணக்கில் விலைக்கு நின்றுகொண்டிருந்தது. கடைக்காரரிடம் கேட்டு ஒரு முனையை மட்டும் அறுத்து வாங்கி வந்தோம். ௭ என்று போட்டது. இப்போது என் மேசையில் இருக்கிறது.

அன்று இரவே வரைய ஆரம்பித்தேன். பங்களாவை அப்பா சொன்னார், அவுட்ஹவுஸை மூவரும் சேர்ந்து சொன்னோம். அப்பாவுக்கு அடிக்கணக்கு வராது. "நான் கை நீட்டி நின்னா அந்தப் பக்கம் அரை முழம் மிச்சம்" என்பார். எழுந்து நின்று காட்டுவார், நான் அவர் கையை டேப் வைத்து அளப்பேன். வயதானதில் அவர் உயரம் குறைந்திருக்கும் என்று அம்மா சொல்ல, அதையும் கணக்கில் சேர்த்தோம். எங்கள் அறை ஒன்பதுக்குப் பதினொன்று என்று வந்தது. ஞாபகத்தில் அது இன்னும் பெரியது. கரி அடுப்பின் இடம், கம்பளி தொங்கும் கொடி, வடக்குச் சுவரில் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்த சின்ன ஜன்னல், எல்லாம் போட்டேன். முன்கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கமா என்பதில் அப்பாவுக்கும் எனக்கும் அரை மணி நேரம் வாக்குவாதம்.

குழாயடியிலிருந்து எங்கள் வாசலுக்கு ஏறும் கல்படிகளில் கணக்கு உதைத்தது. நான் ஆறு என்றேன். அப்பா ஐந்து என்றார். சரிவின் உயரத்தை வைத்துப் பார்த்தால் இரண்டும் போதவில்லை.

சமையலறையில் மாவு கரைத்துக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே சொன்னார். "ஏழு. குடத்தோட ஏறினவளுக்குத் தெரியாதா? அடியில ஒண்ணு மண்ணுக்குள்ள போயிருச்சு, நீ பொறக்கறதுக்கு முந்தி. அதையும் சேத்தா எட்டு."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எட்டு என்று போடச் சொன்னார்.